ஃபெஸ் நகரத்துக் கழுதையும் பெரியப்பாவின் மீசையும்

பியர்பொன்ட்ஸ் என்ற கனேடியப் புறநகரில் இருக்கும் லக்சனாவின் வீட்டில், அந்தச் சனிக்கிழமை சோறு கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

இது சின்ன விஷயம் இல்லை. லக்சனாவின் அப்பா ஆரூரன் டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர். வாரம் முழுக்க யார் யாருக்கோ பாஸ்தாவும் பர்கரும் செய்து கொடுத்துவிட்டு வருவார். வீட்டில் நிற்கும் நாளில் அவருக்குச் சோறு வேண்டும். சோறு இல்லாவிட்டால் முகம் ஒரு முழம் நீண்டுவிடும்.

“அரிசி வாளிக்குள்ள உங்கட போன் கிடக்குது,” என்றார் அம்மா அஜந்தா. “ஈரம் காயவேணும். ஒருத்தரும் வாளியைத் திறக்கக் கூடாது.”

முதல்நாள் மாலை அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கைபேசி பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம். நனைந்த கைபேசியை அரிசிக்குள் புதைத்து வைத்தால் அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அந்த வீட்டில் எல்லோரும் நம்பும் வைத்தியம்.

“பறவாயில்லை,” என்றார் அப்பா. “பாணும் சம்பலும் காணும். பின்னேரம் பிளேன் ஏறுறம்தானே!”

அவருடைய முகம் நீளவே இல்லை. ஏனென்றால் அன்று மாலை அவர்கள் மூன்று பேரும் மொரோக்கோ நாட்டில் இருக்கும் ஃபெஸ் என்ற பழைய நகரத்துக்குப் புறப்பட இருந்தார்கள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறை. நாலே நாலு நாள்தான். ஆனாலும் லக்சனாவுக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அப்பா இப்படி லீவு எடுத்து எங்கேயும் போனதில்லை.

ஃபெஸ் நகரத்தைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னவர், அவரோடு வேலை செய்யும் இத்ரிஸ். அவர் பிறந்தது அங்கேதான். ஆயிரம் வருடத்துக்கும் மேலான பழைய நகரம். அதற்குள்ளே காரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சந்துகள் அவ்வளவு ஒடுக்கம். சாமான் எல்லாம் கழுதையின் முதுகில்தான் போகும். கழுதைக்காரர் “பாலக்! பாலக்!” என்று கத்திக்கொண்டு வந்தால், சனங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகு, கவனம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் லக்சனா யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

பெரியப்பா சிவநேசம் அப்பாவின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வருவார். வருவார் என்றால், முழுதாக வரமாட்டார். கைபேசியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சில நாள் சுற்றுகிற மின்விசிறி தெரியும். சில நாள் ஒரு காது தெரியும். பெரும்பாலும் தெரிவது அவருடைய மீசைதான். நல்ல தடித்த, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. அவர் சின்ன உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். ஒழுங்கைகளில் “விலத்து! விலத்து!” என்று கத்திக் கத்தித் தொண்டை பெருத்துப்போனவர். அவரோடு பேசும்போது அம்மா ஒலியைக் குறைத்து வைப்பார்.

“அங்க பிரிஜ் வாங்கினாலும் கழுதையிலதான் வருமாம் பெரியப்பா,” என்று லக்சனா சொன்னபோது அவர் நம்பவில்லை.

“சும்மா கதை விடாதை பிள்ளை! கழுதை பிரிஜ் சுமக்கிறதோ?”

“உண்மை பெரியப்பா! இத்ரிஸ் அங்கிள் சொன்னவர்.”

“சரி. நீ அங்க போய் அதை எனக்குக் காட்டு. காட்டினால் நான் என்ர மீசையை எடுக்கிறன். இது பந்தயம்!”

அன்றிலிருந்து லக்சனாவுக்கு ஃபெஸ் என்றால் அந்தக் கழுதைதான்.

அதனால்தான் அப்பாவின் கைபேசி நனைந்துபோனது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. அது வேலை செய்யாவிட்டால் கழுதையை எப்படிக் காட்டுவது?

அப்பா வாசலில் கிடந்த பனியைத் தள்ளிவிட்டு, பற்பசை வாங்க மருந்துக்கடைக்குப் போனார். அம்மா மாடியில் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். லக்சனா மெதுவாக அரிசி வாளியைத் திறந்தாள். உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

கைபேசி அகப்பட்டது. அதில் ஈரமே இல்லை. நனைந்ததற்கான அடையாளமும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. யாரோ அழைக்கிறார்கள். ‘கீர்த்திகன்’ என்று பெயர் வந்தது. கீர்த்திகன் பெரியப்பாவின் மகன். அதற்குக் கீழே அவன் முதல்நாள் மாலையில் இருந்து அழைத்த அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

“லக்சனா!”

படியில் அம்மா நின்றார். ஓடிவந்து கைபேசியைப் பறித்தார். அழைப்பு ஓயும்வரை அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது நனையவே இல்லை.”

அம்மா தலையை ஆட்டினார். கண்கள் சிவந்திருந்தன. காலையில் லக்சனா கேட்டபோது, வெங்காயம் உரித்ததால் என்று சொல்லியிருந்தார். ஆனால் அன்று வெங்காயம் உரிக்கவே இல்லை என்பது லக்சனாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

“இரு குஞ்சு,” என்று அவளைப் பக்கத்தில் இருத்தினார். “பெரியப்பா மோசம் போயிட்டார்.”

மோசம் போவது என்றால் என்ன என்று லக்சனாவுக்குத் தெரியும். செத்துப்போவது.

“நேற்று. நெஞ்சு நோகுது எண்டு சொன்னவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிஞ்சு போச்சு. பிரியந்தி மாமிதான் எனக்கு எடுத்துச் சொன்னவ.”

பிரியந்தி மாமி அப்பாவின் தங்கை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிறார். இறந்தவர் அவருக்கும் அண்ணன்தான். அவர் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னது இதுதான்: ‘சின்னண்ணைக்கு இப்ப சொல்லாதேங்கோ மச்சாள். போயிட்டு வரட்டும்.’

அந்தக் குடும்பத்தில் இது ஒரு பழக்கம். பரீட்சை எழுதப் போகிறவருக்கும் பயணம் போகிறவருக்கும் சாவுச் செய்தியைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் போய் வந்த பிறகு, சாப்பிட வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அன்பினால் செய்கிற காரியம்தான்.

“சொன்னால் அப்பா வரமாட்டார்,” என்றார் அம்மா. “செத்தவீடு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கவேணும். அதுக்குள்ள ஆரும் ஊர் சுத்திப் பாக்கப் போவினமோ? யாழ்ப்பாணம் போய்ச் சேரவும் நேரம் காணாது. அங்க நாளைக்கே பிரேதம் எடுக்கினம். அந்த மனுசன் எத்தினை வருசமா அந்த அடுப்படியில நிண்டு வேகுது. நாலு நாள் சிரிச்சுக்கொண்டு இருக்கட்டும். பேந்து சொல்லுவம். நீ வாய் திறக்கக் கூடாது, சரியோ?”

“ஓம்,” என்றாள் லக்சனா.

அம்மா கைபேசியை மறுபடி அரிசிக்குள் புதைத்தார்.

உண்மையைச் சொல்வதானால், லக்சனாவுக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘அப்படியென்றால் ஃபெஸ்ஸுக்குப் போகிறோம்’ என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் பெரியப்பாவின் மீசை நினைவுக்கு வந்தது. தன் முதல் நினைப்பை எண்ணி அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தன் அறைக்குப் போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வானம் கழுவாத பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. தெருவோரத்தில் கறுத்துப்போன பனி குவிந்து கிடந்தது. அவள் சத்தம் வராமல் அழுதாள்.

கீழே கதவு திறந்தது.

“பாலக்! பாலக்!” என்று கத்திக்கொண்டே அப்பா உள்ளே வந்தார். கம்பளித் தொப்பியில் பனி ஒட்டியிருந்தது. “எல்லாரும் விலத்துங்கோ! கழுதை வருகுது!”

லக்சனா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அப்பா பையில் இருந்து பற்பசையை எடுத்தார். பிறகு மந்திரவாதி போல இன்னொரு பொருளையும் எடுத்துக் காட்டினார். மீசை மழிக்கிற சின்னச் சவரக்கத்தி.

“இது ஆருக்குத் தெரியுமோ? அண்ணைக்கு! கழுதையைக் காட்டின கையோட இதையும் வீடியோவில காட்டவேணும். அவற்ற முகம் எப்பிடிப் போகுது எண்டு பாப்பம்!”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா திரும்பிநின்று, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினார்.

“அஜந்தா, உம்மட போனைத் தாரும். அண்ணையோட ரண்டு வார்த்தை கதைச்சிட்டுப் போவம். சொல்லாமல் போனால் கோவிப்பார்.”

“அங்க இப்ப ராத்திரி. நித்திரையாயிருப்பார்.”

“ஒன்பது மணிக்கோ? அண்ணை அந்த நேரத்தில ஊரைக் கூட்டிச் சத்தம் போடுற ஆள்!”

“என்ர போனில சார்ஜ் இல்லை.”

“சரி, போய் இறங்கிக் கதைப்பம்,” என்று அப்பா சவரக்கத்தியைப் பெட்டிக்குள் வைத்தார். அதைச் சட்டைகளுக்கு நடுவில், நெரிபடாத இடமாகப் பார்த்து வைத்தார்.

லக்சனாவுக்கு அப்போது பற்றிக் நினைவுக்கு வந்தான்.

பற்றிக் அவளுடைய வகுப்பில் இருந்த தங்கமீன். ஒரு வார இறுதியில் அது செத்துப்போய்விட்டது. பிள்ளைகள் அழுவார்களே என்று ஆசிரியை ஒருவருக்கும் சொல்லாமல் அதே நிறத்தில் வேறொரு மீனை வாங்கித் தொட்டிக்குள் விட்டுவிட்டார். லக்சனா வழக்கம்போலத் தினமும் காலையில் “பொன்ஜூர், பற்றிக்” என்று சொல்லிவந்தாள். பிறகு ஒருநாள் விஷயம் வெளியே வந்தது. மீன் செத்ததைவிட, இத்தனை நாளும் வேறு மீனுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் நின்றது போல இருந்தது.

அப்பா பெட்டியோடு மாடிக்குப் போனதும் அவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா, ஃபெஸ்ஸில அப்பா கழுதையைக் கண்டால் ஆருக்கு எடுப்பார்?”

அம்மாவின் கை கோப்பையிலேயே நின்றது.

“நெட்வொர்க் இல்லை எண்டு சொல்லுவன்.”

“நாலு நாளும் இல்லையோ?”

அம்மா கோப்பையை மறுபடி தண்ணீருக்குள் போட்டார்.

“நாலு நாளும் அவர் எடுத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் ரண்டு பேரும் பாத்துக்கொண்டு நிப்பம். பேந்து அவருக்குத் தெரியவந்தால், அந்த நாலு நாளையும் நினைச்சு நினைச்சு அழுவாரெல்லோ? இப்ப சொன்னால் பெரியப்பாவின்ர முகத்தையாவது பாக்கலாம்.”

“உனக்கு ஃபெஸ் பாக்க வேண்டாமோ?”

“வேணும்,” என்றாள் லக்சனா. “நல்லா வேணும். ஆனா இப்பிடி வேண்டாம்.”

அம்மா தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எனக்குச் சொல்ல வாய் வருகுதில்லை பிள்ளை. நேற்றையில இருந்து சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் பாக்கிறன். அந்த முகத்தைப் பாத்தால் ஏலாமல் கிடக்குது.”

“நான் சொல்லுறன். நீங்கள் பக்கத்தில இருங்கோ. முதல்ல மாமிக்கு எடுத்து இஞ்ச வரச் சொல்லுங்கோ. அவ அங்க தனிய இருந்து அழுதுகொண்டிருப்பா.”

அந்த யோசனை பெரியவர்கள் ஒருவருக்கும் வந்திருக்கவில்லை.

லக்சனா வாளியில் இருந்து கைபேசியை எடுத்தாள். அதை அப்படியே கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று பட்டது. திறந்த உடனே ஊரில் இருக்கிற எல்லோருடைய அனுதாபச் செய்தியும் ஒன்றாக வந்து அப்பாவின் மேல் விழும். அதற்கு முன்னால் ஓர் ஆள் வாயால் சொல்லவேண்டும். தெரிந்த ஆளாக இருக்கவேண்டும்.

மாடியில் அப்பா பெட்டியைப் பூட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். லக்சனா அவர் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பிள்ளை, பிளேனுக்குப் பயமோ?”

“இல்லை அப்பா. பெரியப்பா மோசம் போயிட்டார்.”

அப்பா சிரித்த முகத்தோடே அவளைப் பார்த்தார். அந்தச் சிரிப்புக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். லக்சனாவின் மடியில் இருந்த கைபேசியைப் பார்த்தார். அதன் விளிம்பில் ஓர் அரிசிமணி ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது.

“எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

“நேற்று,” என்றார் அம்மா. “நான்தான் மறைச்சனான். பிள்ளையில பிழை இல்லை.”

அப்பா அம்மாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லக்சனாவுக்குத் தோன்றியது. அவர் கையை நீட்டினார். லக்சனா கைபேசியைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்தபடியே இருந்தார். அவளே கீர்த்திகனின் பெயரை அழுத்தினாள்.

“சித்தப்பா!” கீர்த்திகனின் குரல் உடைந்து வந்தது. “நேற்றையில இருந்து அடிக்கிறன். சித்தப்பா கதைக்காமல் அப்பாவை எடுக்கக் கூடாது எண்டு அம்மா ஒரே பிடியா நிக்கிறா.”

“அண்ணையைக் காட்டு.”

கீர்த்திகன் கைபேசியைத் திருப்பினான். குத்துவிளக்கு எரிந்தது. வெள்ளை வேட்டியில் பெரியப்பா படுத்திருந்தார். முதல்முறையாக அவருடைய முகம் முழுதாகத் தெரிந்தது. மின்விசிறி இல்லை, காது இல்லை. நெற்றியில் திருநீறு. மீசையை யாரோ அழகாகச் சீவி முறுக்கிவிட்டிருந்தார்கள்.

“அண்ணை,” என்றார் அப்பா. அம்மா வந்து ஒரு பக்கமும் லக்சனா மறுபக்கமுமாக உட்கார்ந்துகொண்டார்கள். “அண்ணை, நான் கழுதையைக் காட்டுறன் எண்டனான்...”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. லக்சனா தன் அப்பா அழுததை அதற்குமுன் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பிரியந்தி மாமி வந்துசேர்ந்தார். மெட்ரோ பிடித்து, ரயில் மாறி, பஸ் மாறி வந்திருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சின்ன அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பனி உருகி வாசல் எல்லாம் ஈரம்.

அன்று மாலை விமானம் அவர்கள் இல்லாமல் பறந்துபோனது. அம்மா சோறு காய்ச்சினார். பருப்பும் கத்தரிக்காயும் மட்டும். அப்பா அம்மாவோடு பேசாமல் சாப்பிட்டார். பாதியில் கையை நிறுத்தி, “நீர் எனக்கு நல்லதுக்குத்தான் செய்தனீர்,” என்றார். “ஆனா இனி அப்பிடிச் செய்யவேண்டாம்.”

“இல்லை, செய்யமாட்டன்,” என்றார் அம்மா. அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோறு அப்படியே இருந்தது.

செத்தவீட்டைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தார்கள். வெளிநாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக இப்போதெல்லாம் அங்கே அப்படித்தான் காட்டுகிறார்கள். கீர்த்திகன் தலையும் மீசையும் மழித்து, ஈர வேட்டியோடு, கொள்ளிக்குடத்தைச் சுமந்துகொண்டு நடந்தான். அப்பாவும் மாமியும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீடு நெடுநாள் இருட்டாகவே இருந்தது. விளக்குப் போடாததால் அல்ல. அப்பா வேலைக்குப் போனார், வந்தார், குளித்தார், படுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனதும் கைபேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி படிக்கட்டின் பக்கத்தில் பூட்டியபடியே நின்றது. லக்சனா ஃபெஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மனம் வலித்தது. பெரியப்பாவுக்காகவும் வலித்தது, தனக்காகவும் வலித்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தது. தெருவில் பனி கரைந்து, குளிர்காலம் முழுக்கத் தொலைந்துபோன கையுறைகள் எல்லாம் சேற்றில் தலைகாட்டின. ஒருநாள் அப்பா வேலையில் இருந்து வந்து பெட்டியின் முன்னால் நின்றார்.

“இதை ஏன் இன்னும் பிரிக்கேல்லை?”

“நீங்கள் சொல்லேல்லை,” என்றாள் லக்சனா.

அப்பா பெட்டியைத் திறந்தார். சட்டைகளுக்கு நடுவில் இருந்த சவரக்கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அதை மறுபடி அதே இடத்தில் வைத்து மூடினார்.

“அண்ணையோட ஒரு பந்தயம் இருக்குது,” என்றார். “அதை முடிக்கவேணும்.”

மே மாதத்து நீண்ட வார இறுதியில் அவர்கள் ஃபெஸ் நகரத்துக்குப் போனார்கள்.

இத்ரிஸ் சொன்னதில் பொய்யே இல்லை. நகரத்து வாசல் வெளியே இருந்து பார்த்தால் நீலம், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் பச்சை. அதைத் தாண்டினால் சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. செம்பு தட்டுகிற சத்தம் ஒரு பக்கம், புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசம் ஒரு பக்கம். தோல் பதனிடும் இடத்தைக் காட்ட ஒரு கடைக்காரர் மாடிக்குக் கூட்டிப்போனார். கீழே வட்ட வட்டத் தொட்டிகளில் மஞ்சளும் சிவப்பும் பழுப்புமாகச் சாயம். நாற்றமோ தாங்க முடியவில்லை. மூக்கில் பிடிக்கச் சொல்லி ஆளுக்கொரு பிடி புதினா கொடுத்தார். அம்மா அதை மூக்கில் பிடித்தபடியே, “சம்பலுக்கு நல்லாயிருக்கும்,” என்றார்.

இரண்டு முறை வழி தவறினார்கள். அப்பா பிரெஞ்சில் கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடித்தார். ஆனாலும் அவர் சிரிக்கவில்லை. கழுதையின் குளம்புச் சத்தம் கேட்டாலே அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கைபேசியைத் தொட்டதும் நின்றுவிடும். லக்சனா அதைப் பார்ப்பாள். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கழுதைகள் நிறைய வந்தன. எரிவாயு உருளை சுமந்த கழுதை. சோடாப் பெட்டி சுமந்த கழுதை. நனைந்த தோல் சுமந்த கழுதை. குளிர்சாதனப் பெட்டி சுமந்த கழுதை மட்டும் வரவே இல்லை.

கடைசி நாள் காலை மழை தூறியது. பெட்டியை இழுத்துக்கொண்டு அவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். லக்சனாவுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது.

“பாலக்! பாலக்!”

பின்னால் குரல் கேட்டது. மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு சின்னச் சாம்பல் நிறக் கழுதை மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தது. அதன் முதுகில், குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டிய, ஒரு வெள்ளை நிறக் குளிர்சாதனப் பெட்டி.

“அப்பா!” என்று கத்தினாள் லக்சனா.

அப்பாவின் கை பைக்குப் போனது. கைபேசியை எடுத்தது. அதோடு நின்றது.

“எடுங்கோ அப்பா!”

“ஆருக்கு?”

“கீர்த்தி அண்ணாவுக்கு! பந்தயம் அவருக்கும் தெரியும்தானே!”

கீர்த்திகன் உடனே திரையில் வந்தான். அப்பா கைபேசியைக் கழுதையின் பக்கம் திருப்பினார்.

“ஐயோ சித்தப்பா! உண்மையாவே பிரிஜ்! அம்மா, ஓடி வாங்கோ! கழுதையைப் பாருங்கோ!”

முன்னால் ஒரு கடைக்காரர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் கழுதை அங்கேயே நின்றது. பந்தயத்துக்காகவே வந்து நின்றது போல, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்பா பெட்டியைத் திறந்து சவரக்கத்தியை எடுத்தார். அதைக் கைபேசிக்கு முன்னால் காட்டினார்.

“இதை அண்ணைக்குக் காட்டத்தான் வாங்கினனான் கீர்த்தி,” என்றார். “அவர் தோத்திட்டார். மீசையை எடுக்கவேணும் எண்டு சொல்ல இருந்தனான்.”

கீர்த்திகன் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். அங்கே மீசை இப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது.

“அப்பா சொன்ன சொல்லுத் தவறேல்லை சித்தப்பா,” என்றான். “அவருக்காக என்ர மீசையை நான் அண்டைக்குச் செத்தவீட்டிலேயே எடுத்திட்டன்.”

அப்பா அவனைப் பார்த்தார். சவரக்கத்தியைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் லக்சனா நினைத்தாள். அழுதார்தான். ஆனால் அதற்குள்ளே இருந்து ஒரு சிரிப்பும் கிளம்பி வந்தது. பெரியப்பாவின் சிரிப்பைப் போலவே பெரிய சத்தமாக வந்தது. அம்மாவும் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் பெரியம்மா சிரிப்பதும் கேட்டது.

முன்னால் வழி திறந்துவிட்டது. இப்போது சந்தின் நடுவில் நின்றது இவர்கள்தான். கழுதைக்காரர் பொறுமை இழந்து, “பாலக்! பாலக்!” என்று கத்தினார்.

“விலத்துறம் அண்ணை, விலத்துறம்!” என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னார்.